முன் சீட்டில் உட்காருகிறவர்கள் தூங்கக் கூடாது

அவர் கண் மூடியதை நான் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா. எல்லோரும்தான் இமைக்கிறார்கள், நானும்தான் இமைக்கிறேன், ஆனால் இமைப்பதற்கென்று ஒரு வேகம் இருக்கிறது, அந்த வேகத்தில் இந்த இமை இறங்கவில்லை. உள்ளே குழந்தை தூங்குகிறதென்று கதவை மெதுவாகச் சாத்துவார்களே, அப்படி இறங்கியது, பாதியில் நின்றது, பிறகு யாரோ கூப்பிட்டது போல விருட்டென்று மேலே போனது. வெயில் கூசியிருக்கலாம். ஆனால் வெயில் எங்கள் முதுகுப் பக்கம்தான் இருக்கிறது, காலை நேரம், கார் மேற்கே போகிறது, அவர் கண்ணில் வெயில் படவே வழியில்லை. தூசி விழுந்திருக்கலாம். கண்ணாடிகள் ஏற்றியிருக்கின்றன, ஏசி ஓடுகிறது, தூசி எங்கிருந்து வரும். செஞ்சியைத் தாண்டிவிட்டோம். கல்லைக் குவித்து வைத்தது போன்ற குன்றுகள் பின்னால் போய்விட்டன, இனி நேரான ரோடு, இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை, கரும்பு, அங்கங்கே வெட்டாமல் விட்ட புளியமரங்கள். நேரான ரோடுதான் ஆபத்து என்று அப்பா சொல்வார், வளைவு இருந்தால் டிரைவர் விழித்திருப்பான், நேராக இருந்தால் ரோடே தாலாட்டும். அப்பா பின்சீட்டில் தூங்குகிறார். இடுப்பு மூட்டு மாற்றி மூன்று மாதம் ஆகிறது, காலை நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் பின்சீட்டு முழுக்க அவருக்கு, அதன் ஓரத்தில், அவர் பாதத்தை மடியில் வாங்கிக்கொண்டு அம்மா. திண்டிவனத்தில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டார், பத்து நிமிஷத்தில் அசந்துவிட்டார். அம்மாவும் தூங்குகிறாள். ஸ்டியரிங்கில் தணிகைவேல் என்கிற ஆக்டிங் டிரைவர். ஆக்டிங் டிரைவர் என்றால் கார் நம்முடையது, ஓட்டுகிறவர் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நம்முடையவர். இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து ஆபரேஷன் வரைக்கும் அப்பாவைத் தவிர யாரும் ஓட்டியதில்லை, எனக்குக் கற்றுத் தரும் பேச்சே எழுந்ததில்லை. இன்று விடிவதற்கு முன்னால் குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற இந்த மனிதர், அப்பா சாவியை நீட்டியபோது செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கினார். அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. எனக்கும்தான். அப்போதே அவர் கண் சிவந்திருந்ததை நான் பார்த்தேன், விடியற்காலையில் எல்லோர் கண்ணும் சிவந்துதான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதோ மறுபடி. இல்லை, இது சாதாரண இமைப்பு. நான் எப்படி இவ்வளவு நேரமாக ஒரு அந்நிய ஆணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கவாட்டில் தெரிகிற அரை முகம். காதுக்குக் கீழே சவரம் செய்யும்போது விடுபட்ட ஒரு சின்னத் திட்டு, கழுத்தில் வியர்வைக் குருவின் சிவப்பு, கீழுதட்டை உள்ளே இழுத்துப் பல்லால் பிடித்திருக்கிறார், தன்னைத் தானே கிள்ளிக்கொள்வது போல. வயது முப்பத்தைந்து இருக்குமா. இப்போது அம்மா விழித்துக்கொண்டால் என்ன பார்ப்பாள், மகள் டிரைவரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு வருவதைப் பார்ப்பாள். அவரே திரும்பினால் என்ன நினைப்பார். நான் பார்வையை ரோட்டுக்குத் திருப்புகிறேன், திருப்பியதும் பயம் வருகிறது, பயம் வந்ததும் மறுபடி அவர் கண்ணுக்கு வருகிறேன். கிளம்பும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா பின்னாடிதான் உட்காரணும், நான் அவர் காலைப் பிடிச்சுக்கணும், நீ முன்னாடி ஏறு. முன்சீட்ல உட்காருறவங்க தூங்கக் கூடாது, தெரியுமில்ல? டிரைவருக்குப் பேச்சுக் குடுத்துக்கிட்டே வா, அவன் கண்ணசந்தா நாலு பேரும் போயிடுவோம்" என்றாள். மற்ற பயணங்களில் முன்சீட்டில் மாமா இருப்பார், அல்லது அத்தை வீட்டுக்காரர். அவர்கள் அரசியல் பேசுவார்கள், மைலேஜ் பேசுவார்கள், எந்த ஊரில் எந்த ஓட்டலில் சாம்பார் கெட்டுவிட்டது என்று பேசுவார்கள், டிரைவரும் ஆமாங்க சார், ஆமாங்க சார் என்று விழித்திருப்பார். எனக்கு என்ன தெரியும். எம்.ஏ. முடித்து ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன், நாள் முழுக்க நான் திருத்துகிற ஆட்கள் யாரும் என்னிடம் பேசுவதில்லை, அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இதே அம்மாதான் நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஆட்டோக்காரர் ஏதாவது கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள் என்றாள். ஷேர் ஆட்டோவில் நடுவில் உட்காராதே என்றாள். தண்ணீர் கேன் போடுகிறவன் பேர் கேட்டால் சொல்லாதே என்றாள், கேஸ் சிலிண்டர்காரரிடம் பணத்தை வாசல் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடு என்றாள், சிரித்த முகமாக இருக்காதே என்று ஒருநாள் சொன்னாள், அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் நான் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். இருபத்துநாலு வயது வரைக்கும் சொல்லிச் சொல்லிக் கட்டிய சுவர். இன்று விடியற்காலையில் ஒரே வார்த்தையில் இடித்துவிட்டு ஏறு என்கிறாள்.

பேச வேண்டும். எதைப் பேசுவது. அவரை எப்படிக் கூப்பிடுவது, டிரைவர் என்றால் திமிராக இருக்கும், சார் என்றால் கேலி போல இருக்கும், அண்ணா என்றால் சரி, ஆனால் அண்ணா என்று சொல்லும்போது என் குரல் எப்போதும் கெஞ்சுவது போல ஆகிவிடும். "அண்ணா." சத்தம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இருமினேன். இருமியதும் அவர் திரும்பிப் பார்த்து, "ஏசி கம்மி பண்ணட்டுமா மேடம்?" என்றார். ஐயோ, வேண்டாம், ஏசியைக் குறைத்தால் வெதுவெதுப்பாகும், இன்னும் தூக்கம் வரும். "இல்ல, அதிகம் பண்ணுங்க." "அதிகமாவா? உங்களுக்குக் குளிருதுனு நினைச்சேன்." அதிகம் பண்ணினார். எனக்கு உண்மையிலேயே குளிர்கிறது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்ள முடியாது, போர்த்தினால் பொய் தெரிந்துவிடும். "உங்களுக்கு எந்த ஊருண்ணா?" வந்துவிட்டது, கேட்டுவிட்டேன். "செய்யார் பக்கம் மேடம்." "ஓ." அவ்வளவுதான். ஓ என்பதற்குப் பிறகு என்ன கேட்பார்கள், மாமாவாக இருந்தால் செய்யாரில் யாரைத் தெரியும், எந்தத் தெரு, ஏரி நிரம்பிச்சா என்று அரை மணி நேரம் ஓட்டியிருப்பார். என் ஓ கார் முழுக்கச் சுற்றிவிட்டு என் மடியிலேயே வந்து விழுந்தது. பாட்டுப் போடலாமா. அம்மாவின் பக்திப் பாட்டு பென் டிரைவ்தான் இருக்கிறது, அதைக் கேட்டால் ஸ்டியரிங்கே தூங்கிவிடும். கைப்பையில் புதினா மிட்டாய் இருந்தது. காகிதத்தை வேண்டுமென்றே சரசரவென்று பிரித்தேன், ஒன்றை நீட்டினேன், அவர் விரல் படாமல் எப்படிக் கொடுப்பது என்று யோசித்து, கியர் பக்கத்தில் இருக்கிற குழியில் வைத்தேன். "அண்ணா, மிட்டாய்." "தேங்க்ஸ் மேடம்" என்று எடுத்தார், வாயில் போடுவார் என்று பார்த்தேன், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாப்பாவுக்கு." எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இன்னொன்று நீட்டினேன். அதையும் பையில் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேர் மேடம், ஒண்ணு குடுத்தா அடிச்சுக்குவாங்க" என்றார். சாப்பிடுங்கள், நீங்கள் சாப்பிடத்தான் கொடுத்தேன், உங்கள் கண் மூடுகிறது என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளைப் பற்றிப் பேசியதும் அவர் கண் கொஞ்சம் திறந்தது, இங்கிருந்து பிடித்துக்கொண்டு போகலாம், என்ன படிக்கிறார்கள் என்று கேட்கலாம், கேட்கிறேன், இதோ கேட்கிறேன், அந்த லாரி போகட்டும், லாரி போனதும் கேட்கிறேன். லாரி போய்விட்டது. கேட்கவில்லை. இப்போது கேட்டால் பேச்சு அறுந்த இடம் நீளமாகிவிட்டது, திடீரென்று கேட்டது போல இருக்கும். யாருக்குத் திடீரென்று இருக்கும், அவருக்கா. அவர் இதையெல்லாம் எண்ணிக்கொண்டா வருகிறார். மௌனத்தின் நீளத்தை அளப்பவள் நான் ஒருத்திதான்.

அப்போதுதான் சத்தம் மாறியது. முதலில் காதுக்குத்தான் தெரிந்தது, தார் ரோட்டின் வழுவழுப்பான ஒலி போய், இடது பக்கச் சக்கரங்களின் கீழே சரளைக் கல் கடகடவென்று பொரிந்தது. முன்னால் ஓரமாக, தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள், பச்சைப் புடவை, புல்லும் பச்சை, அவளுடைய குதிகால் வெடிப்பு எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கத்தில். அவர் தலை முன்னால் சாய்ந்திருந்தது. நான் கத்தினேனா, இல்லை, என் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை, கை மட்டும் போய் டேஷ்போர்டைப் படாரென்று அடித்தது. அவர் நிமிர்ந்தார், ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார், கார் ஒரு உலுக்கு உலுக்கி ரோட்டுக்கு ஏறியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் அந்தப் பெண் நின்று திரும்பிப் பார்ப்பது தெரிந்தது, சின்னதாகி, சின்னதாகி. கட்டு அவள் தலையில் அப்படியே இருந்தது. பின்னால் அப்பா விழித்துக்கொண்டு, "என்னய்யா, என்ன ஆச்சு?" என்றார். தணிகைவேல் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "பள்ளம் சார்." பள்ளம் இல்லை. அப்பா, "பள்ளமா?" என்றார். அந்தக் கேள்வி யாரிடம் வந்ததென்று தெரியவில்லை, ஆனால் தணிகைவேல் என்னைப் பார்த்தார், முதல் தடவையாக நேராக, சிவந்த கண்ணால், ஒரு நொடி. "ஆமாம்ப்பா, பள்ளம்" என்றேன். இது மட்டும் தடங்கலே இல்லாமல் வந்தது. "பார்த்து ஓட்டக் கூடாதா. சஸ்பென்ஷன் போயிடும். மூணாவது கியர் போட்டு ஓட்டு" என்று சொல்லிவிட்டு அப்பா மாத்திரையின் ஆழத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன். இப்போது இது என்னுடையதாகிவிட்டது. இதற்கு முன்னால் வரைக்கும் ஏதாவது ஆனால் டிரைவர் தூங்கிவிட்டார் என்பார்கள், இனி ஏதாவது ஆனால் நான்தான், தெரிந்தும் பள்ளம் என்று சொன்னவள் நான்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போக வர அப்பா முன்பு வைத்த டிரைவர் ஒருவர், சிக்னலில் போனை எடுத்துப் பேசினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டு, ஏஜென்சிக்கு போன் போட்டு, அந்த ஆளின் பெயரையே எடுக்க வைத்தார் அப்பா. ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு களை இருந்தது, அதனால் அம்மாவும் நானும் நல்லதுதான் என்றோம். அந்த டிரைவரின் மனைவிக்கு அன்றைக்குப் பிரசவ வலி என்று அவர் காரில் பேசியது எனக்குக் கேட்டது. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மட்டும், தெரியாது. இப்போது இவரை நடு ரோட்டில் இறக்கிவிடுவார். சட்டைப் பையில் இரண்டு புதினா மிட்டாயோடு இவர் செஞ்சிக்கு பஸ் தேடி நடப்பார். ஆனால் அந்தக் குதிகால். அந்தப் பெண்ணுக்கு எத்தனை பேர் வீட்டில். அப்பாவின் புது மூட்டு ஒரு உலுக்கலைத் தாங்குமா, அம்மா பெல்ட் போடவில்லை, பின்சீட்டில் யார் போடுகிறார்கள், அவள் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து வாய் லேசாகத் திறந்திருப்பது கண்ணாடியில் தெரிகிறது. நான் இருவரையும் கண்ணாடியில் பார்க்கிறேன், இவரைப் பக்கவாட்டில் பார்க்கிறேன், ரோட்டை நேரே பார்க்கிறேன், மூன்று பேருடைய உயிரும் ரோட்டில் போகிறவர்களின் உயிரும் என்னுடைய ஒரு வாய்க்குள் இருக்கிறது, அந்த வாய் ஓ என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. அவர் இப்போது நன்றாக விழித்திருக்கிறார், பயத்தில். பயம் எவ்வளவு நேரம் தாங்கும். கல்லூரியில் பரீட்சைக்கு முந்தின நாள் எனக்கும் இப்படித்தான், பயந்து எழுந்து உட்காருவேன், பயத்தின் மேலேயே மறுபடி தூக்கம் வரும், பயமே ஒரு தலையணை மாதிரி ஆகிவிடும். இதோ, தோள் இறங்குகிறது. கீழுதடு பல்லிலிருந்து நழுவுகிறது. இமை.

"வண்டிய நிறுத்துங்க." யார் சொன்னது. நான்தான். "எனக்கு வாந்தி வருது. நிறுத்துங்க, நிறுத்துங்க." கார் ஓரமாக ஒரு புளியமரத்தின் கீழே நின்றது. கதவைத் திறந்துகொண்டு இறங்கி, ரோட்டோரக் கல்வெர்ட் சுவரைப் பிடித்துக் குனிந்தேன். ஒன்றும் வரவில்லை. வருவது போல ஒரு சத்தம் உண்டாக்கினேன், வெட்கத்தில் காது சுட்டது, கும்பகோணம் கல்யாணத்துக்குப் போகும்போது நிஜமாகவே வாந்தி வந்து யாரிடமும் சொல்லாமல் துப்பட்டாவில் வாங்கிக்கொண்டவள் நான், இப்போது பொய் வாந்திக்கு ஊரைக் கூட்டுகிறேன். அம்மா ஓடி வந்து நெற்றியைப் பிடித்தாள். "அந்தப் பொங்கல்ல நெய்யா ஊத்தியிருந்தான், டால்டா! நான் அப்பவே சொன்னேன் இட்லி சாப்பிடுனு." அப்பா காருக்குள்ளிருந்து, "எலுமிச்சம்பழம் இருக்கா பாரு. முன்சீட்ல உட்கார்ந்தா வாந்தியே வராதே, இவளுக்கு மட்டும் எப்படி வரும்" என்றார். "உங்க பொண்ணுதானே, எல்லாம் தலைகீழாத்தான் இருக்கும்." தணிகைவேல் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றார். வாங்கிக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காத குரலில், அவர் முகத்தைப் பார்க்காமல், அவருடைய செருப்பைப் பார்த்துச் சொன்னேன். "எனக்குச் சரியாகறதுக்கு அரை மணி நேரமாவது ஆகும். நீங்க வண்டில போய்ப் படுத்துக்குங்க." அவர் நின்றார். அப்பாவைப் பிடித்து இறக்கி, வாக்கரை விரித்து மர நிழலில் நிறுத்திவிட்டு, காருக்குப் போனார். சீட்டைச் சாய்த்ததுதான் தெரியும், அடுத்த நொடி அவர் இல்லை. அவ்வளவு வேகமாக ஒரு மனிதர் தூக்கத்துக்குள் போவதை நான் பார்த்ததே இல்லை.

கல்வெர்ட்டில் உட்கார்ந்த பிறகுதான் மலை தெரிந்தது. மேற்கே, கரும்புக்கு மேல், நீலமும் சாம்பலுமாக, வானத்தில் யாரோ ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போன தடம் போல. இன்னும் தூரம் இருக்கிறது. இத்தனை நேரம் அது கார் கண்ணாடியில்தான் இருந்திருக்க வேண்டும், நான் பார்த்தது ஒரு இமையை. அம்மா பார்த்தவுடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திருவண்ணாமலைக்குப் போகலாம் என்று சொன்னதே அவள்தான், அப்பாவால் கோயில் வரிசையில் நிற்க முடியாது என்றபோது, "உள்ளயே போக வேணாம், அங்க மலைதானே சாமி, பார்த்தா பார்த்ததுதான், கார்லயே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்" என்றவள். அப்பா வாக்கரின் இரண்டு பிடிகளையும் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலவே பிடித்திருந்தார், மலையைப் பார்த்தபடி நின்றார். அவரை இப்படி ரோட்டோரத்தில் நிற்க நான் பார்த்ததில்லை. எப்போதும் வண்டிக்குள் இருப்பார், வா, ஏறு, நேரமாச்சு என்பார். அவருடைய வேட்டி காற்றில் ஒட்டி, ஆபரேஷன் செய்த பக்கம் மெலிந்திருப்பது தெரிந்தது. எனக்கு அவர்மேல் அவ்வளவு பயம், அந்த மெலிந்த காலைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமே இல்லை, இரண்டும் ஒரே மனிதரில் எப்படி இருக்கின்றன. கொஞ்ச நேரம் கழித்து அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். "அவன் என்ன, தூங்கறானா? எழுப்பு, கிளம்பலாம்." "எனக்கு இன்னும் சரியாகலப்பா." "சரி, சரி, உட்காரு." அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் மூக்குக்குக் கீழே பிடித்தாள். என்னைப் பார்த்தாள். கீழே, நான் குனிந்து நின்ற மண்ணைப் பார்த்தாள், காய்ந்திருந்தது. காரைப் பார்த்தாள், கண்ணாடிக்குப் பின்னால் அவர் தலை தொங்கி, வாய் திறந்திருந்தது. எலுமிச்சம்பழத்தைக் கீழே இறக்கினாள். மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் பள்ளம்?" நான் தலையாட்டினேன். இல்லையென்று ஆட்டினேனா ஆமென்று ஆட்டினேனா எனக்கே தெரியாது, அவளுக்குப் புரிந்தது. ஒரு டிராக்டர் போனது, அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். பிறகு அம்மா, திட்டுவாள் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டபோது, திட்டாமல், நிஜமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள். "ஏன்டி என்னை எழுப்பல?"

எழுப்பியிருக்கலாம். கையை நீட்டினால் அவள் முழங்கால். இருமினேன், ஏசியை ஏற்றினேன், மிட்டாயைச் சரசரவென்று பிரித்தேன், டேஷ்போர்டை அடித்தேன், பொய் சொன்னேன், இத்தனை யோசித்தவளுக்கு அம்மா என்று ஒரு வார்த்தை தோன்றவே இல்லை. கோபத்தில் விட்டதல்ல. மறந்ததும் அல்ல. எனக்கு ஒன்று நடந்தால் அதை நானே யாருக்கும் தெரியாமல் முடித்துக்கொள்ள வேண்டும் என்று எப்போதோ எனக்குள் ஆகிவிட்டது, ஏழாம் வகுப்பில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட நாளிலிருந்தா, ஒருநாள் ஷேர் ஆட்டோவில் எனக்கு நடந்ததை வீட்டில் வந்து சொன்னால் நீ ஏன் நடுவில் உட்கார்ந்தாய் என்பார்களே என்று விழுங்கினேனே, அன்றைக்கா. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும். இன்று இல்லை, ஆனால் சொல்ல வேண்டும். "தெரியலம்மா" என்றேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அப்பாவின் பாதத்தை வைத்திருந்த அதே மடியில். "நான் தூங்கியிருக்கக் கூடாது. நீ பின்னாடி வந்துடு, நான் முன்னாடி உட்காந்துக்கறேன்." "வேணாம்மா." "ஏன், பயந்துட்ட இல்ல." "பயந்துட்டேன். நானே உட்காருறேன்." அவள் வற்புறுத்தவில்லை.

தணிகைவேல் தானாக எழுந்தார். பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, சட்டைக் கையால் துடைத்தபடி மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் போனேன். கால் தானாகப் போனது என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு அடியும் நான்தான் எடுத்து வைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார். "ராத்திரி பாண்டிச்சேரில ஒரு கல்யாண ட்ரிப்பு. முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டு இருந்தேன், உங்க ட்ரிப்புக்கு வர வேண்டிய பையனுக்கு ஜுரம்னு ஏஜென்சில கூப்ட்டாங்க. மாட்டேன்னா அடுத்த வாரம் கூப்பிட மாட்டாங்க. ஓட்டிடலாம்னுதான் நினைச்சேன்." அவர் முகத்தைப் பார்த்தேன், முழு முகத்தையும். வலது புருவத்தில் ஒரு பழைய வெட்டு இருந்தது, அந்தப் பக்கம் எனக்கு இதுவரை தெரியவே இல்லை. "இப்ப ஓட்ட முடியுமாண்ணா? நெஜமா சொல்லுங்க." யோசித்துத்தான் பதில் சொன்னார். "மலை வரைக்கும் ஓட்டிடுவேன் மேடம். சுத்தியும் காட்டிடுவேன். திரும்பி மெட்ராஸ் வரைக்கும்... இப்படியே கிளம்பினா என்னால ஆகாது." ஆகாது என்று ஒரு ஆண் இவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. "சரி" என்றேன். என்ன சரி, யாரைக் கேட்டு சரி என்றேன் என்று என்னையே கேட்டுக்கொண்டு கார் வரைக்கும் நடந்தேன்.

கார் கிளம்பியது. பின்னால் அப்பா, "அரை மணி நேரம் வீணாப்போச்சு. மலையைச் சுத்திட்டு, சாப்பிட்டுட்டு, ஒரு மணிக்கெல்லாம் கிளம்பினாத்தான் இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போலாம்" என்றார். இப்போது. லாரி எதுவும் வரவில்லை, வந்தாலும் இப்போதே. "இல்லப்பா. சாயங்காலம்தான் கிளம்பறோம்." "என்னது?" "மத்தியானம் இவர் தூங்கணும். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியிருக்கார். மூணு மணி நேரமாவது தூங்கினாத்தான் நாம ஏறணும்." சொல்லிவிட்டேன். என் பக்கத்தில் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளும் இறுகின. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்த சத்தம், வலியில் ஸ் என்ற சத்தம். "தூங்காம வந்தானா? என் வண்டில? போனை எடு, ஏஜென்சிக்குப் போடு, வேற ஆளை அனுப்பச் சொல்லு." "மாட்டேன்ப்பா." "மாட்டேனா?" "அவர் முடியலன்னு அவரே சொன்னார். வர்ற ஆள் சொல்வாரானு எனக்குத் தெரியாது. எனக்கு இவர் ஓட்டினாப் போதும்." குரல் நடுங்கியது, நடுங்கிக்கொண்டே முடிந்தது. அம்மா ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கலாம், சொல்லாமல் இருந்து என் வார்த்தையை என்னிடமே விட்டுவைத்தாள். கீழ்பென்னாத்தூர் வந்தது, போனது, ஒரு பள்ளிக்கூடம், ஒரு உரக்கடை, ரேஷன் கடை வாசலில் பைகளை வரிசையில் போட்டுவிட்டு நிழலில் நிற்கும் பெண்கள். மலை நீலத்தை விட்டுவிட்டுப் பழுப்பாக, பாறையும் புதருமாக, கண்ணாடியின் பாதிக்கு வந்துவிட்டது. எத்தனை நேரம் யாரும் பேசவில்லையோ, முதல் தடவையாக நான் அளக்கவில்லை. பிறகு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். டிரைவரிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார், இரண்டடி தூரத்தில் இருப்பவரிடம் என் வழியாக. "மலையைச் சுத்தறப்ப மெதுவாப் போகச் சொல்லு. அந்த ரோட்ல நடக்கறவங்க இருப்பாங்க."

"மெதுவாப் போகணுமாம்ணா" என்றேன்.

"சரிங்க சார்" என்றார் அவர், கண்ணாடியில் அப்பாவைப் பார்த்து.

"ரோட்டைப் பாருய்யா" என்றார் அப்பா.